ரிசல்ட் வரவில்லை என்றால் மார்க் எப்படிப் போடுவது?

கேள்வி: நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியை. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் 36 பேர் படிக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் பிராக்டிகல். ஸ்லைடைப் பார்த்துப் படம் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு புராஜெக்டில் பாதிக்கு மேல் வெளியில் காசு கொடுத்து வாங்கியவை. வரும் செமஸ்டரில் ஒரு பிராக்டிகலையாவது குழு ஆய்வாக நடத்திப் பார்க்கிறேன் என்று கேட்டேன். துறைத் தலைவர், "ரிசல்ட் வரலேன்னா மார்க் எப்படிம்மா போடுவீங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எங்களிடம் பிசிஆர் எல்லாம் கிடையாது. டிசெக்டிங் மைக்ராஸ்கோப் எட்டு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

துறைத் தலைவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அவர் கேள்விக்குப் பதில் தயாராகாமல் வகுப்பைத் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் நீங்களே அதைக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

நம் பிராக்டிகலில் ரிசல்ட் வராமல் போனதே இல்லை. போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டில் அது ஏற்கெனவே எழுதியிருக்கிறது. விலங்குகளை அறுக்க வேண்டாம் என்று 2014ல் யுஜிசி சொன்ன பிறகு, அந்த நேரத்தில் சார்ட்டும் வீடியோவும் வந்து உட்கார்ந்துகொண்டன. அறுவை நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தவளையை அறுத்த காலத்திலாவது, பத்தில் ஒரு தவளை புத்தகத்தில் இல்லாத மாதிரி இருக்கும். சார்ட்டில் அந்தத் தொல்லையும் கிடையாது.

நீங்கள் நடத்த நினைக்கும் வகுப்புக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: விடை உங்களுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். "கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, சரியான விடையை மேசை டிராயரில் வைத்திருந்தால் மாணவர்கள் பத்தே நிமிஷத்தில் அதை உங்கள் முகத்தில் படித்துவிடுவார்கள். பிறகு ஆய்வு நடக்காது, உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்கிற ஊகம்தான் நடக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹட்ஃபுல்லும் சேர்ந்து 2008ல் சீ-ஃபேஜஸ் என்ற பாடத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கல்லூரிக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்த மாணவர்கள் அதில் சேர்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் மண் எடுத்து வந்து கரைத்து வடிகட்டி, அகார் என்னும் கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவோடு சேர்த்துப் பரப்புகிறார்கள். ஓரிரு நாளில் பாக்டீரியாவின் வெண்படலத்தில் ஊசியால் குத்தியதுபோலத் தெளிவான ஓட்டைகள் தெரிந்தால், அந்த மண்ணில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துத் தாங்களே பெயர் வைக்கிறார்கள். அடுத்த செமஸ்டரில் அதன் மரபணுத் தொகுதியை உட்கார்ந்து படிக்கிறார்கள். இன்று ஆண்டுக்கு 5,000க்கு மேற்பட்டவர்கள் இதைச் செய்கிறார்கள். எல்லாருக்கும் செய்முறை ஒன்று, கிடைக்கும் வைரஸ் மட்டும் வேறு வேறு.

ஹட்ஃபுல்லின் சேமிப்பில் இருந்த ஒரு வைரஸ் 2010ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடைத்தது. எதிலிருந்து தெரியுமா? அழுகிய கத்தரிக்காயிலிருந்து. கண்டெடுத்த மாணவி அதற்கு 'மடி' என்று பெயர் வைத்தார், ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள். எட்டு ஆண்டு கழித்து லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு, எந்த மருந்துக்கும் மசியாத ஒரு மைக்கோபாக்டீரியத் தொற்று உடம்பெங்கும் பரவியிருந்தது. மடியோடு இன்னும் இரண்டு வைரஸ்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று முழுசாக ஒழியவில்லை. ஆனால் ஆறாத புண்கள் ஆறின, நுரையீரலும் தேறியது. 2019ல் அந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது. கத்தரிக்காயைக் கையில் எடுத்த அன்று அந்த மாணவிக்கு "ரிசல்ட் வருமா" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்திருப்பார்களா?

உங்கள் முதல்வரிடம் காட்ட எண்கள் வேண்டுமென்றால் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சொல்லுங்கள். அங்கே முதலாண்டிலிருந்து மூன்று செமஸ்டர் இப்படிப்பட்ட ஆய்வு வகுப்பு நடக்கிறது. அதை முடித்தவர்களை ஏறக்குறைய அதே பின்னணியுள்ள மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு 2016ல் ஓர் ஆய்வு வந்தது. அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு 71 சதவீதத்திலிருந்து 94 ஆகவும், ஆறு ஆண்டுக்குள் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 66லிருந்து 83 ஆகவும் உயர்ந்திருந்தது. நிர்வாகத்துக்கு இவ்வளவு போதும்.

ஆனால் வைரஸ் பிடிக்கும் வகுப்பை நீங்கள் தொட வேண்டாம். அதற்குக் கிருமி நீக்கம், இன்குபேட்டர், பயிற்சி எல்லாம் வேண்டும். எட்டு மைக்ராஸ்கோப்பும் ஒரு வளாகமும் இருக்கிற விலங்கியல் துறைக்கு நான் சொல்வது கொசு முட்டை.

சிரிக்காதீர்கள். நான் பல ஆண்டு இதைத்தான் நடத்தினேன். கறுப்பு நிற பிளாஸ்டிக் குவளை, அரை லிட்டர் கொள்ளளவு. பாதிவரை தண்ணீர். மழை பெய்தால் வழிந்தோட, விளிம்புக்குக் கீழே ஒரு துளை. உள்பக்கம் சுற்றிலும் வெள்ளைத் துணிப் பட்டை அல்லது சொரசொரப்பான தாள், பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டை இடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கிற சுவரில் இடும். நாலைந்து நாள் கழித்துப் பட்டையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருப்புக் கதிர் வடிவங்கள் சிதறிக் கிடக்கும். அதை எண்ண வேண்டும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

36 பேரை நாலு நாலாக ஒன்பது குழு ஆக்குங்கள். குழுவுக்கு நாலு குவளை. வளாகத்தை ஒன்பது பகுதியாகப் பிரித்துக் கொடுங்கள்: ஹாஸ்டல் பின்புறம், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்ட், நூலகத்து நிழல் என்று. எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி இருக்கட்டும்: நம் கல்லூரியில் ஏடிஸ் எங்கே, எப்போது முட்டை இடுகிறது? குழுவுக்கு ஒரு தலைப்பு என்று கொடுத்தால் ஒன்பது அரைகுறை புராஜெக்ட்தான் கிடைக்கும். ஒரே கேள்வியானால் 36 குவளையின் கணக்கு ஒரு கரும்பலகையில் வந்து சேரும். பக்கத்துக் குழு சோம்பேறித்தனம் செய்தால் நம் வரைபடத்தில் ஓட்டை விழும் என்பது அவர்களுக்கே உறைக்கும். உங்களை நொந்துபோக வைத்த 'காசு கொடுத்து வாங்கும்' தொல்லையும் இங்கே நுழையாது. ஹாஸ்டல் பின்புறத்தின் ஆறாவது வாரக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

இப்போது மார்க் விஷயம். நான் நடத்திய ஒரு வகுப்பில் கேன்டீன் குழுவுக்கு முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரமும் பூஜ்யம். மூன்றாம் வாரம் நோட்டில் 12, 14, 13, 11 என்று அழகாக எழுதியிருந்தது. எனக்குச் சந்தேகம் வரக் காரணம் அந்த அழகுதான். ஏடிஸ் அப்படிக் கணக்காகப் பங்கு வைக்காது, ஒரு குவளையில் கொட்டிவிட்டு அடுத்ததைத் தொடாமலே போகும். பட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். நாலும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. எழுதிய பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், ஜீரோன்னு எழுதினா மார்க் குறைஞ்சிடும்னு நெனச்சேன்" என்றான்.

தப்பு அவன்மேல் மட்டும் இல்லை. இரண்டு வாரமும் அதிக முட்டை கொண்டுவந்த குழுவை வகுப்பில் கைதட்டச் சொன்னவன் நான்.

அன்றைக்கு ஒரு வழி செய்தேன். "ஜீரோ ஏன்னு கண்டுபிடிச்சா முழு மார்க்" என்றேன். அந்தக் குழுவில் ஹாஸ்டலில் தங்கிய இருவர் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போய் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஓடி வந்து சொன்னார்கள்: "சார், எறும்பு!" கேன்டீன் சுவரோரமாக ஊர்ந்து வந்து, குவளைமேல் ஏறி, பட்டையிலிருந்து முட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எறும்பும் கரப்பானும் ஏடிஸ் முட்டையைத் தின்னும் என்பது பூச்சியியல்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குவளை ஜோடியாக வைத்தார்கள். ஒன்றின் வெளிப்புறம் கிரீஸ் வளையம், மற்றது சும்மா. கிரீஸ் போட்டதில் முட்டை வந்தது, சும்மா வைத்ததில் வரவில்லை. ஏன் ஜோடியாக வைத்தீர்கள் என்று கேட்டதற்கு அதே பையன் சொன்னான்: "கிரீஸ் மட்டும் வச்சா, அந்த வாரம் கொசு அதிகமா இருந்துச்சோ என்னவோன்னு நீங்க கேப்பீங்க சார்." கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எதையும் மாற்றாமல் வைப்பது, என்கிற சொல்லை நான் மூன்று வருஷமாகப் பலகையில் எழுதிப் போட்டும் வராத பேச்சு அது.

ஆகவே உங்கள் துறைத் தலைவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: முட்டைக்கு மார்க் இல்லை, நோட்டுக்கு மார்க். நாள், நேரம், யார் பார்த்தது, தண்ணீர் எவ்வளவு இருந்தது, குவளை கவிழ்ந்திருந்ததா எல்லாம் அன்றன்றைக்குப் பேனாவில் எழுதியிருக்க வேண்டும். அடித்தால் ஒற்றைக் கோடு, வெள்ளை மை கூடாது. ஒரே பட்டையை இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல். முதல் வாரம் ஒருவர் 41 என்பார், மற்றவர் 67 என்பார். தூசியையும் துரு துணுக்கையும் எண்ணியிருப்பார்கள். நாலாவது வாரத்தில் இரண்டும் நெருங்கி வரும். அந்த நெருக்கத்துக்கு மார்க் போடலாம். பாதி செமஸ்டரில் ஒவ்வொரு குழுவும் தன் கணக்கைப் பார்த்து ஒரு சந்தேகம் எழுப்பி, அதைச் சோதிக்க இரண்டாவது சுற்றுக்குத் திட்டம் தர வேண்டும். வைக்கோல் ஊறவைத்த தண்ணீருக்கு முட்டை கூடுமா, தரையில் வைத்தால் அதிகமா மாடியில் வைத்தால் அதிகமா, இப்படி ஏதாவது. அந்தத் திட்டத்துக்குத்தான் நான் அதிக மார்க் வைத்திருந்தேன். இரண்டாவது சுற்று இல்லாத ஆய்வு வகுப்பு, இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் போவது மாதிரி.

கடைசியாக ஆளுக்கு ஐந்து நிமிஷம் வைவா. குழுவாக இல்லை, தனித்தனியாக. நோட்டில் ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டு, "இது எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். வேலை செய்தவர் அந்த நாளின் வெயிலையும் சேர்த்துச் சொல்வார். செய்யாதவர் பக்கத்தில் இருப்பவரைத் தேடுவார்.

குழு என்றதும் எல்லாரும் பயப்படுவது ஒருவர் உழைக்க மூவர் கையெழுத்துப் போடுவதற்குத்தான். வைவா அதைப் பாதி அடக்கும். மீதிக்கு வேலையை வாரா வாரம் மாற்றுங்கள்: குவளை பார்ப்பவர், எண்ணுபவர், மறு எண்ணிக்கைக்காரர், பதிவாளர். இதில் கண்டிப்பாக இருங்கள். விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மாணவியர் செமஸ்டர் முழுக்க நோட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள், பையன்கள் குவளையைத் தூக்கிக்கொண்டு வளாகம் சுற்றுவார்கள். ரோல் நம்பர் வரிசையில் குழு பிரிக்காதீர்கள். பெயரின் முதல் எழுத்துக்காக மூன்று வருஷமும் ஒரே ஆளோடு மைக்ராஸ்கோப் பகிர்ந்த பிள்ளைகள் அவர்கள். நண்பர்களாகச் சேரவும் விடாதீர்கள். குழுவுக்கு ஒரு ஹாஸ்டல்காரராவது இருக்கட்டும். மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குப் பிறகு குவளையைப் பார்க்க முடியாது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களைத் தமிழிலேயே நோட்டு எழுதச் சொல்லுங்கள். இந்த முட்டைக் குவளையின் பெயரான 'ஓவிட்ராப்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுவதா, குவளையில் இலை விழுந்திருந்ததைக் கவனித்து எழுதுவதா, எது உங்களுக்கு வேண்டும்?

கணக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடம். மாணவர்கள், முட்டை அதிகம் என்றால் கொசு அதிகம் என்று எடுத்த எடுப்பில் எழுதுவார்கள். ஒரு பெண் ஏடிஸ் ஒரு தடவையில் இடும் முட்டைகளைப் பல இடங்களில் பிரித்துப் போடும். அதனால் முட்டை எண்ணிக்கை வேறு, எத்தனை குவளையில் முட்டை இருந்தது என்பது வேறு. இரண்டையும் தனித்தனிக் கோடாக வரையச் சொல்லுங்கள். எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று பார்க்கட்டும். ஐப்பசி மழை கொட்டத் தொடங்கியதும் உங்கள் குவளைகளில் முட்டை குறையலாம். கொசு குறைந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம். ஊரெல்லாம் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தண்ணீர் நிற்கும்போது, உங்கள் குவளைக்கு யார் வருவார்கள்? இந்த விளக்கத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவர்களே முட்டி மோதி வரட்டும், ஒரு வகுப்பு வீணானாலும் பரவாயில்லை.

முட்டையை மட்டும் பார்த்து, ஏடிஸில் எந்த இனம், எஜிப்தியா அல்போபிக்டஸா என்று சாதாரண மைக்ராஸ்கோப்பில் சொல்வது கஷ்டம். சில பட்டைகளை மூடிய, வலை கட்டிய டப்பாவில் பொரிக்க வைத்து, வெளிவரும் கொசுவை ஃபிரீசரில் வைத்துக் கொன்று முதுகைப் பாருங்கள். யாழின் வளைவு போல வெள்ளைக் கோடுகள் இருந்தால் எஜிப்தி. நெற்றியில் ஒற்றை நாமம் இழுத்த மாதிரி நடுவே ஒரே கோடு என்றால் அல்போபிக்டஸ். வகுப்பில் யாரும் மறக்காத நாள் அதுவாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளுக்கென்றே ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே எழுதிக் கேளுங்கள். செலவுக்குத் துறையின் பெட்டி கேஷே போதும். பிறகு பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டால் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் மாணவர் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் திட்டம் உண்டு.

இனி எச்சரிக்கை. நான் பட்டது. ஒரு வருஷம் ஆயுத பூஜை விடுமுறையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். பதினோரு நாள் கழித்து வந்து பார்த்தால் சில குவளைகளில் கூட்டுப்புழு ஓடு மட்டும் மிதக்கிறது. நாங்களே கொசு வளர்த்துப் பறக்கவிட்டிருக்கிறோம். ஹாஸ்டல் வார்டன் முதல்வர் அறைவரை வந்துவிட்டார், அவர் பக்கம்தான் நியாயம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக நம் வெயிலுக்கு எட்டு, பத்து நாள் போதும். ஆகவே ஏழாம் நாளைத் தாண்டக் கூடாது, ஐந்து நாள் என்றால் இன்னும் நிம்மதி. எண்ணி முடித்த பட்டைகளைக் கொதிநீரில் போட்டுவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். காயவைத்துத் தூக்கிப் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குவளைத் தண்ணீரை வெயில் அடிக்கிற கட்டாந்தரையில் கொட்டுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொசுப் புழு இருக்கும் பாத்திரத்தைக் கண்டால் அபராதம் போடுகிற காலம் இது. ஒரு தடவை கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து எங்கள் குவளை பதினாறையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குவளையிலும் துறைப் பெயர், குழு எண், தண்ணீர் மாற்றிய தேதி எழுதி ஒட்டினோம். அவர்களில் ஒரு அம்மாவை வகுப்புக்கு அழைத்தோம். எந்தெந்த வீட்டில், எந்தப் பாத்திரத்தில் புழு ஒளிந்திருக்கும் என்று அரை மணி நேரம் சொன்னார். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

முதல் வருஷம் எட்டு வாரம் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே விடுமுறைப் பட்டியலையும் இன்டர்னல் தேர்வு தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குவளை வைக்கும் நாளையும் எடுக்கும் நாளையும் குறித்துவிடுங்கள். திங்கள் வைத்து வெள்ளி எடுப்பது எங்களுக்குச் சரிப்பட்டது. முதல் வெள்ளியன்று எண்ண உட்காரும் முன் ஃபேனை நிறுத்தச் சொல்ல மறந்துவிடாதீர்கள். காய்ந்த தாள் பட்டை பறந்தால் எந்தக் குழுவினுடையது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.